வரி இல்லாத வீடு

வகுப்பில் கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கிவிடுகிற ஆள் நான். பேராசிரியர் "ஆகவே" என்று இழுக்கும்போதே, அதற்கப்புறம் வரப்போவது எனக்குத் தெரியும் என்பதுபோல பெஞ்சின் நுனிக்கு வந்துவிடுவேன். படித்தது பொது நிர்வாகத்தில் எம்.ஏ. இரண்டாம் வருடத்தில் சிறப்புப் பாடமாக மக்கள் பாதுகாப்பு நிர்வாகத்தை எடுத்திருந்தேன். புயல், வெள்ளம், தீ, தேர்க்கூட்டம் என்று வரும்போது ஜனங்களை யார் நடத்துவது, எப்படி நடத்துவது, நடத்துகிறவருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். தலைமைப் பண்பு என்ற சொல்லை எழுதி எழுதி என் பேனாவுக்கே அது மனப்பாடம் ஆகியிருக்கும்.

அந்தப் பாடத்தை எடுத்தவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே உத்தியோகத்தில் இருந்தவர்கள், படிப்பு விடுப்பில் வந்தவர்கள். கடைசி பெஞ்சில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். வறுத்த கடலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து சத்தம் வராமல் மெல்லுவார். அவர் பக்கத்தில் ஒரு தீயணைப்பு நிலைய அதிகாரி. முதுகை நாற்காலியில் சாய்க்கவே மாட்டார். பெண் என்று பார்த்தால் நான் ஒருத்திதான். குப்பத்திலிருந்து வந்தவள் என்று பார்த்தாலும் நான் ஒருத்திதான். இரண்டும் எனக்குப் பெருமையாகவே இருந்தது அப்போது.

ஊர், மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே ஒரு மீனவர் குப்பம். நான் அங்கே இருந்ததைவிட செங்கல்பட்டில் இருந்ததுதான் அதிகம். நான் சின்ன வகுப்பில் இருந்தபோது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா என்னை செங்கல்பட்டு மிஷன் விடுதியில் விட்டுவிட்டு மீன் கூடையைத் தலையில் தூக்கினாள். கல்லூரிக்குப் போன பிறகும் செங்கல்பட்டிலேயே ஆஸ்பத்திரி நர்சுகள் இரண்டு பேரோடு ஒரு அறையில் இருந்துகொண்டு பட்டணத்துக்கு ரயிலில் போய் வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்தால் இருட்டுவதற்குள் அம்மாவிடம் போய்விடலாம். ஆக ஊர் எனக்கு லீவுநாள் ஊர். அந்த ஊரைப் பற்றித்தான் வகுப்பில் அப்படிப் பேசினேன்.

அன்றைய கேள்வி, புயல் எச்சரிக்கை கொடுத்தும் மக்கள் ஏன் நகர்வதில்லை என்பது. ஆளுக்கொன்று சொன்னார்கள். படிப்பறிவில்லை என்றார் ஒருவர். அரசாங்கத்தின் மேல் நம்பிக்கையில்லை என்றார் இன்னொருவர். என் கை தூக்கியபடியே இருந்தது. பேராசிரியர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார்.

எங்கள் ஊரில் அந்தப் பிரச்சினையே வராது சார் என்று ஆரம்பித்தேன். ஊர்த் தலைவரை நாட்டார் என்போம், அவர் கடலுக்குப் போகாதே என்றால் ஒரு கட்டுமரம் இறங்காது, மீறினால் தெண்டம் கட்ட வேண்டும் என்றேன். ஒவ்வொரு ஆண்பிள்ளையும் கல்யாணமாகித் தொழிலுக்குப் போக ஆரம்பித்ததும் ஊருக்கு வரி கட்டுவான், அம்மன் திருவிழாவிலிருந்து அடிதடி வழக்கு வரைக்கும் அந்த வரியில்தான் நடக்கும் என்றேன். இதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆண் துணை இல்லாத வீட்டுக்கு வரியே கிடையாது சார். எங்க வீட்டுக்கே கிடையாது. ஊர் கொடுக்கிற சலுகை."

பேராசிரியருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கரும்பலகையில் 'சலுகை' என்று எழுதி அடிக்கோடு போட்டார். சட்டம் எழுதத் தெரியாத மக்கள் சமூகப் பாதுகாப்பை எப்படி நடத்துகிறார்கள் பாருங்கள் என்று மீதி நேரம் முழுக்க அதையே பேசினார். எனக்குக் காது மடலெல்லாம் சூடாக இருந்தது, சந்தோஷத்தில்.

நான் பொய் சொல்லவில்லை. அம்மா சொன்னதைத்தான் சொன்னேன். ஆடி மாதம் கங்கையம்மன் திருவிழாவுக்கு முன்னால் மேளத்தோடு வீடு வீடாக வரி வாங்க வருவார்கள். எங்கள் வீடு ஓடைப் பக்கம், கடைசிச் சந்தில். மேளச் சத்தம் சந்து முனைக்கு வந்து அப்படியே திரும்பிப் போகும். எதற்கு வரவில்லை என்று கேட்டால், "நமக்கு வரி இல்ல" என்பாள் அம்மா. யாரோ பெரிய மனிதர் தள்ளுபடி செய்து கொடுத்த மாதிரி சொல்வாள். திருவிழா அன்று காலையிலேயே கதவைப் பூட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். திருவிழா நாளில்தான் மீனுக்குப் போட்டி இருக்காது, கல்பாக்கம் குடியிருப்பு அம்மாக்கள் கேட்ட விலைக்கு வாங்குவார்கள் என்பது அவள் கணக்கு. எனக்கு மசால்வடையும் சேமியா ஐசும் கிடைக்கும். ஊரே சாமி கும்பிடும்போது நாங்கள் மட்டும் ஏன் மார்க்கெட்டில் இருக்கிறோம் என்று நான் கேட்டதே இல்லை. இவ்வளவு கேள்வி கேட்கிற நான், அதைக் கேட்கவில்லை.

செய்முறைப் பயிற்சிக்கு எங்கள் குப்பத்தையே எடுத்துக்கொள்வதாக முடிவானது. ஒரு பகல் பொழுதில், புயல் வருவதாக வைத்துக்கொண்டு, ஊர் மொத்தத்தையும் தார்ச்சாலைக்கு மேற்கே இருக்கும் யூனியன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் ஊர் காலியாகிறது என்பதற்குத்தான் மதிப்பெண். குழுவுக்குத் தலைவர் நான். இன்ஸ்பெக்டரும் தீயணைப்பு அதிகாரியும் என் குழுவில்.

முன்கூட்டிப் பேசி வைக்க மூன்று பேரும் போனோம். கோயிலுக்கு முன்னால் மணலில் பஞ்சாயத்துக் கூடியிருந்தது. அங்கே பெண்கள் உட்காருவதில்லை. அது எனக்குத் தெரியும், ஆனால் தலைவர் என்ற நினைப்பில் நேராகப் போய் நின்றேன். பேச்சு நின்றுவிட்டது. யாரும் போ என்று சொல்லவில்லை. யாரும் பேசவும் இல்லை. இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்து, "நீ அப்படி நிழலில இரும்மா, நான் கேட்டுச் சொல்றேன்" என்றார். வலை போட்டு வைத்திருந்த கொட்டகை ஓரம் போய் நின்றேன். நான் இரண்டு வாரமாக யோசித்து வைத்திருந்ததையெல்லாம் அவர் தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார், பாதியை மாற்றி.

பத்து வீட்டுக்கு ஒரு தலைவர் போட வேண்டும் என்பது என் திட்டம். அதைக் கேட்டதும் மணலில் சிரிப்பு கிளம்பியது. நாட்டார் எனக்குப் பெரியப்பா முறை. என் பக்கம் தலையைத் திருப்பி, கொட்டகைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பாப்பா, பத்து வூட்டுக்கு ஒரு நாட்டாரப் போட்டா, மீனப் புடிக்கிறது யாரு? நாங்க சொல்லிட்டா ஊரு நவுந்துகினே இருக்கும். நீ பேஜாராவாத, உன் பரிச்சைய நாங்க பாஸ் பண்ணிக் குடுக்கறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செய்தி சொல்கிறவர் தப்புப் பறை அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார், அதைக் கேட்டதும் கிளம்ப வேண்டும், வராத வீட்டுக்குத் தெண்டம் என்று முடிவானது. திரும்பும்போது ஜீப்பில் தீயணைப்பு அதிகாரி, எல்லா வீட்டுக்கும் அந்தத் தப்புச் சத்தம் கேட்குமா என்று என்னைக் கேட்டார். எங்க ஊர் கைக்குள்ள அடங்கிடும் சார் என்றேன்.

பயிற்சி நாள் காலையில் பேராசிரியர், மாணவர்கள், ஒரு தீயணைப்பு வண்டி என்று பள்ளிக்கூடத்து மைதானமே நிறைந்திருந்தது. வண்டியின் சங்கு ஊதியது. ஊருக்குள்ளிருந்து தப்புச் சத்தம் கேட்டது. பேராசிரியர் நிறுத்து கடிகாரத்தை அமுக்கினார். என்ன அழகாக வந்தார்கள். சவுக்குத் தோப்புக்கு நடுவே இருந்த ஒற்றையடிப் பாதையில் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆண்கள் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, சில பேர் கோழிகளைக்கூடக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, தங்களுக்குள் கேலி பேசியபடி வந்து சேர்ந்தார்கள். கல்யாணத்துக்குப் போவதைப்போல இருந்தது. நாட்டார் கடைசியாக வந்து, ஒரு பார்வை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆச்சி சார். ஊரு மொத்தமும் வந்தாச்சி."

பேராசிரியர் கடிகாரத்தை நிறுத்தினார். இதுவரைக்கும் எந்தக் குழுவும் இவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் முதுகில் தட்ட வந்த இன்ஸ்பெக்டர், பெண்பிள்ளை என்று ஞாபகம் வந்து தன் தொப்பையையே தட்டிக்கொண்டார்.

அம்மா எங்கே என்று நான் தேடவில்லை. கூட்டத்தில் எங்கேயாவது இருப்பாள், எல்லாம் முடிந்ததும் வருவாள் என்று நினைத்தேன். அதுவரைக்கும் நான் அவள் மகள் இல்லை, குழுத் தலைவர்.

அப்போதுதான் ஜீப் வந்தது. தீயணைப்பு அதிகாரி ஊருக்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தீ பிடித்த கட்டடத்தை ஒரு முறை உள்ளே போய்ப் பார்க்காமல் மூடுவதில்லை என்பது அவர்கள் வழக்கமாம். ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி வயசானவள், ஒருத்திக்கு இடுப்பில் குழந்தை. நடுவில் என் அம்மா. கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கூடையையும் விடாமல் கொண்டு வந்திருந்தாள்.

ஓடைப் பக்கத்துச் சந்தில் இருந்தார்கள், வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தார்கள் என்றார் அதிகாரி. பேராசிரியர் தன்மையான மனிதர். கோபப்படவில்லை. ஏம்மா, சங்குச் சத்தம் கேட்கலையா, தப்பு அடிச்சாங்களே கேட்கலையா என்று கேட்டார்.

"கேட்டுச்சிங்க" என்றாள் அம்மா. "ஊருக்கு ஊதறாங்கன்னு இருந்துட்டோம்."

"நீங்க எந்த ஊரு?" என்றார் இன்ஸ்பெக்டர், நிஜமாகவே புரியாமல்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகத் தன் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் நாட்டாரிடமிருந்து வந்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எங்களுக்கு உதவி செய்கிற முகத்தோடுதான் சொன்னார்.

"அதுங்க வரியில இல்லாத வூடு சார். ஊர்க் கணக்குல வராது. உங்க டைம் ஒண்ணும் கெடல."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து புரிந்தது. சந்து முனையிலேயே திரும்பிப் போன மேளம், பூட்டிய கதவு, மசால்வடை. வரி வாங்காமல் விட்டது எங்களுக்குச் செய்த உபகாரம் இல்லை. வரி கட்டுகிறவன்தான் ஊர். கட்ட ஆள் இல்லாத வீட்டுக்குத் திருவிழாவில் பங்கில்லை, பஞ்சாயத்தில் வழக்கில்லை, தப்பு அடிக்கிறவருக்கு அந்தச் சந்தில் நுழைய வேலையில்லை. இது குப்பத்தில் கிளிஞ்சல் பொறுக்கி விளையாடுகிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எம்.ஏ. படிக்கிற எனக்குத் தெரியவில்லை.

"அது எங்க அம்மா சார்" என்றேன்.

சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துச் சொன்னதில்லை. வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது. கோழி ஒன்று கொக்கரித்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் அம்மாவைப் பார்த்தார்கள், அப்புறம் நல்ல மனிதர்கள் எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் யோசித்துக்கொண்டே நின்றார். ஒரு விஷயம் பொருந்தவில்லை என்றால் விடாமல் கேட்பது அவர் தொழில்.

"ஏம்மா, நீதானே அன்னைக்கு வகுப்புல சலுகைன்னு சொன்ன?"

குத்திக் காட்டக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். என் புதுச் செருப்பு, தலைவருக்கு வேண்டும் என்று செங்கல்பட்டு பஜாரில் வாங்கியது, மணலில் பாதி புதைந்திருந்தது.

பேராசிரியர் நாட்டாரிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசினார். பிறகு எங்களிடம் வந்து, உள்ளூர்த் தலைமை ஊர் என்று எதை ஏற்கிறதோ அதைத்தான் நாமும் அலகாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே குறித்த நேரம் செல்லுபடியாகும் என்றார். எங்கள் குழுவுக்கு முதலிடம். தீயணைப்பு அதிகாரி, ஒருத்தர் உள்ளே இருந்தாலும் எங்கள் கணக்கில் அது காலியான வீடு இல்லை சார் என்று மெதுவாகச் சொன்னார். அது வேறு துறை என்றார் பேராசிரியர்.

அம்மாவை வீட்டில் விட ஜீப்பைக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அவள் நடந்தே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கூடையைக் கீழே போட்டாள். போட்ட சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, கோபம் நாட்டார் மேல் இல்லை.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா?"

நான் அவளுக்காகத்தான் சொன்னேன் என்றேன். இது அநியாயம், இதைக் கேட்காமல் விட மாட்டேன், எத்தனை வருஷமாக இப்படி நடத்துகிறார்கள் என்று வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டு போனேன்.

"நிறுத்துடி" என்றாள். "இத்தினி வருசம் ஒருத்தன் என்னக் கணக்குல இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னது கெடையாது. சொல்ற எடத்துல நான் நின்னது கெடையாது. நான் மார்க்கெட்டுக்குப் போயிடுவேன். வியாபாரத்துக்குப் போய்க்கிறான்னுதான் பேச்சு. நீ இட்டாந்து பேன்ட்டு போட்டவன் எல்லாத்துக்கும் முன்னாடி நிறுத்தி, சொல்ல வெச்சிட்ட."

அவள் வெட்கம் எனக்கு அதுவரை தெரியாது. எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவ்வளவு வருஷமும் அந்த மூன்று வார்த்தையைக்கூட அவ்வளவு லேசாகச் சொல்லிப் பழகியிருக்கிறாள். நான் அதைக் கரும்பலகை வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அன்று அவள் சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் வகுப்பில் நான் கை தூக்குவது குறைந்துவிட்டது. பேராசிரியர் எங்கள் பயிற்சியைக் கீழ் வகுப்பு மாணவர்களுக்கு உதாரணமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு தடவை அவர் அறைக்கே போய், அது முழு ஊர் இல்லை சார் என்றேன். தெரியும், ஆனால் முதல் படியாகப் பார்த்தால் பிரமாதம் என்றார். உன் அம்மா விஷயத்தில் உனக்கு உணர்ச்சி கலந்துவிடுகிறது, நிர்வாகிக்கு அது ஆகாது என்று அன்பாகவும் சொன்னார். வராந்தாவில் வரும்போது எதிரே வந்தவர்கள் முதலிடம் என்று வாழ்த்தினார்கள். நன்றி என்றேன்.

ஐப்பசி அடைமழையில் நிஜமாகவே புயல் எச்சரிக்கை வந்தது. நர்சுகள் காலையில் ரேடியோ வைத்திருந்தார்கள். கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குப் போக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. ரயிலுக்குக் கிளம்பி நின்றவள் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே பனைமரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஊரில் இறங்கும்போது பகல்தான், ஆனால் வெளிச்சம் செத்துப் போயிருந்தது.

தப்புச் சத்தம் கேட்டது. செய்தி சொல்கிறவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வந்துகொண்டிருந்தார். அவர் எனக்கு மாமா முறை. பின்னாலேயே போனேன். எங்கள் சந்து முனை வந்ததும் சத்தம் நின்றது. அவர் திரும்பினார். நான் எதிரே நின்றேன்.

"இந்தச் சந்துலயும் அடி மாமா."

அவர் தப்பையும் என்னையும் பார்த்தார். மழை அவர் மூக்கிலிருந்து சொட்டியது. "நாட்டார் சொல்லல பாப்பா. நானா அடிச்சா நாளைக்கு என்ன நிறுத்தி வெச்சிக் கேப்பாங்க" என்றார். அப்புறம் சங்கடப்பட்டு, "நீயே போயி இட்டுகினு வாயேன்" என்றார்.

நாட்டாரைத் தேடிப் போனேன். கட்டுமரங்களை மேலே இழுக்கிற இடத்தில் அவர் நின்றிருந்தார். பஞ்சாயத்தில் பேசாத நான் அங்கே பேசினேன். கத்தினேன் என்றே சொல்லலாம், காற்று அப்படி. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"உங்கம்மாவ வர வேணாம்னு யார்னா சொன்னாங்களா? வரட்டும். ஸ்கூல்ல எடம் கீது."

அவ்வளவுதான் எனக்கு வேண்டியது என்று நினைத்தேன். வெற்றி என்றே நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, பக்கத்து இரண்டு வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு, துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, முடிச்சை இழுத்துப் போட்டாள்.

"வரலாம்னு சொல்றது வேற. வான்னு கூப்புடறது வேற."

கெஞ்சினேன். உயிர் முக்கியம் என்றேன். அப்படிச் சொல்லும்போதே என் பாடப் புத்தகத்தின் வாடை எனக்கே அடித்தது. நான் சாகறதுக்கா உக்காந்துகினு கீறேன், மார்க்கெட்டுக்குப் போறேன் என்றாள் அம்மா. புதுப்பட்டினம் மார்க்கெட்டின் பின்பக்கத்தில் காரை போட்ட கட்டடம் ஒன்று இருந்தது, தார்ச்சாலையைத் தாண்டி மேட்டில். கூடைகளும் எடைக்கற்களும் வைக்கிற இடம். சாவி இவளிடம் ஒன்று இருந்தது. அவளுடைய புயல் ஏற்பாடு அது. என்னைக் கேட்காமல், எந்த வகுப்புக்கும் போகாமல், எத்தனையோ மழைக்கு முன்பே முடிவாகியிருந்த ஏற்பாடு. கதவைப் பூட்டினாள். நான் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது ஜன்னலோரம் ஊர் மொத்தமும் தெரிந்தது, விளக்கும் பாயுமாக. அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் பார்த்தேன். வாசலில் ஒரு வருவாய்த்துறை ஆள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்க்கெட் கட்டடத்தில் ஏற்கெனவே புதுப்பட்டினத்துப் பெண்கள் சில பேர் இருந்தார்கள். கூடைகளை அடுக்கி உட்கார இடம் செய்துகொண்டோம். தகர ஷட்டர் அதிர்ந்துகொண்டே இருந்தது. மழைக்கு நடுவே யாரோ டிரான்சிஸ்டரைத் திருகினார்கள். கரையோரக் கிராம மக்கள் அனைவரும் பாதுகாப்பான இடங்களில் சேர்க்கப்பட்டனர் என்று செய்தி வந்தது. புயல் வடக்கே நகர்ந்துவிட்டது, இங்கே காற்றும் மழையும்தான் என்றும் சொன்னது.

அம்மாவுக்குப் பழக்கமான ஒரு வியாபாரி, வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள். "உங்க குப்பமே ஸ்கூலுக்குப் போயிட்ச்சாமே. பொட்டலம்கூடக் குடுக்கறாங்களாம். நீ இன்னா இங்க வந்து குந்திகினு கீற?"

அம்மா வெற்றிலையை வாங்கிக்கொண்டாள். "நமக்கு வரி இல்ல" என்றாள். அதே குரல், அதே லேசு. சொல்லிவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

வியாபாரிக்கு அது போதவில்லை. என் பக்கம் திரும்பினாள். படித்த பெண், பட்டணத்தில் பெரிய படிப்பு படிக்கிறவள், இவளைக் கேட்டால் சரியாகச் சொல்லுவாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்டியாம்மே?"

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அநியாயம், அலகு, தலைமை என்று எல்லாமே வரிசையாக வாய்வரைக்கும் வந்து நின்றது. அம்மா வெற்றிலையை மெல்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன். "எங்களுக்கு வரி கெடையாது. சலுகை."

அந்தச் சொல்லை மறுபடியும் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. அம்மா வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, தன் கூடையை நகர்த்தி எனக்குச் சாய்ந்துகொள்ள இடம் செய்தாள். சாய்ந்துகொண்டேன். முகத்தை அவள் பக்கம் வைக்க முடியாமல் ஷட்டர் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.